வளர்ந்த பிறகு பைக் பழகுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நான் கியர் வண்டி பழகியது 37 வயதில். முதல் நாள் காலி மைதானத்தில் ஒன்பது முறை வண்டி ஆஃப் ஆனது. எண்ணியது நானல்ல, ஓரமாக நின்று வேடிக்கை பார்த்த ஒரு பொடியன். ‘ஆறு’, ‘ஏழு’ என்று அவன் சொல்லச் சொல்ல என் கை இன்னும் உதறியது. அந்த எரிச்சலில் மூன்றாம் நாளே வண்டியைச் சாலைக்கு எடுத்துக்கொண்டு போனேன். அதுதான் நான் செய்த முதல் தவறு. அதற்கு வெட்கத்தைத் தவிர வேறு காரணமில்லை.

வயதான பிறகு பழகுகிறவர்களுக்கு உடம்பு ஒத்துழைக்காது என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தெரியாதவர் போலத் தெரிந்துவிடக் கூடாது என்ற கூச்சம்தான் நம்மைப் படுத்துகிறது. கூடவே, வேறு வண்டிகளில் ஊறிப்போன பழைய பழக்கமும் சேர்ந்துகொள்கிறது. நான் பார்த்த தவறுகளில் பாதிக்கு மேல் இந்த இரண்டிலிருந்துதான் வந்தன.

கிளட்ச் பழகாமல் முறுக்கத் தொடங்குவது

பைக்கில் ஏறியதும் எல்லோருக்கும் வலது கை மீதுதான் கவனம். ஆனால் ஆரம்பத்தில் வண்டியை ஆள்வது இடது கை. கிளட்சுக்குள் இருக்கும் தட்டுகளில் ஒரு பாதி எஞ்சினோடு சுற்றும், மறு பாதி கியர்பெட்டியோடு சுற்றும். லீவரைப் பிடித்தால் இரண்டும் பிரியும், விட்டால் ஒட்டிக்கொள்ளும். நடுவில் இரண்டும் உரசிக்கொண்டே இழுக்கிற இடம் ஒன்று உண்டு. அதைத்தான் ஹாஃப் கிளட்ச் என்கிறோம். லீவரைப் பட்டென்று விட்டால் அந்த இடத்தைத் தாண்டிவிடுவோம். வண்டி ஆஃப் ஆகும், இல்லாவிட்டால் எகிறும்.

முதல் அரை மணி நேரம் ஆக்சிலேட்டரைத் தொடவே வேண்டாம். சமதரையில் முதல் கியர் போட்டு, இரண்டு காலும் தரையில் இருக்க, லீவரை நூல் நூலாக விடுங்கள். ஓரிடத்தில் எஞ்சின் சத்தம் கொஞ்சம் இறங்கும், வண்டி முன்னால் இழுக்கப் பார்க்கும். அங்கேயே விரலை நிறுத்துங்கள். வண்டி இரண்டடி நகரட்டும். திரும்பப் பிடியுங்கள், நிற்கட்டும். இதையே ஐம்பது முறை செய்யுங்கள். பார்க்கிறவர்களுக்கு இது அசட்டுத்தனமாகத்தான் தெரியும். ஆனால் அந்த இடம் விரலுக்குத் தெரிந்துவிட்டால் மேடு, நெரிசல், யூ டர்ன் எல்லாவற்றுக்கும் பாதி வேலை முடிந்தது.

இதைத் தாவி நேராக முறுக்கப் போனால் வேறொரு ஆபத்து காத்திருக்கிறது. வண்டி எகிறும்போது உடம்பு பின்னால் சாயும். பயத்தில் கை இறுக்கிப் பிடிக்கும். பின்னால் போகிற உடம்பு கைப்பிடியையும் சேர்த்து இழுப்பதால் ஆக்சிலேட்டர் இன்னும் திறக்கும். வண்டி இன்னும் வேகமாகப் பாயும், நாம் இன்னும் இறுக்குவோம். சுவரில் போய் முட்டுகிற புதியவர்கள் பலர் இப்படித்தான் முட்டுகிறார்கள். வலது மணிக்கட்டு மேலே தூக்கி மடங்கியிருந்தால் இது சுலபமாக நடக்கும். அதைத் தாழ்த்தி, முழங்கையோடு ஏறக்குறைய நேர்கோட்டில் வையுங்கள். முழங்கால்களால் டாங்கை அணைத்துக்கொண்டால் கைகள் தொங்க வேண்டியிருக்காது. பதறினால் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: கிளட்சைப் பிடியுங்கள். எஞ்சின் எவ்வளவு கத்தினாலும் அதன் விசை சக்கரத்துக்குப் போகாது.

ஸ்கூட்டர் கையோடு பைக்கில் ஏறுவது

கியர் இல்லாத ஸ்கூட்டரை வருஷக்கணக்கில் ஓட்டியவர்கள், ‘எனக்கு பேலன்ஸ் தெரியும், கியர் மட்டும் கற்றுக்கொடுங்கள் போதும்’ என்பார்கள். பேலன்ஸ் தெரிவது பெரிய உதவிதான். ஆனால் அந்த ஸ்கூட்டரில் இடது லீவர் பின் பிரேக், பைக்கில் அதே லீவர் கிளட்ச். குறுக்கே யாராவது வந்தால் பழகிய இடது கை தானாக அழுத்தும். வண்டி நிற்காது. வேகத்தைக் குறைக்கிற எஞ்சின் தடையும் போய் இன்னும் லேசாக உருளும். என் நண்பர் ஒருவர் முதல் வாரத்தில் இப்படித்தான் ஒரு கேட்டில் மோதினார். ‘பிரேக் பிடிக்கவில்லை’ என்று வண்டியைத் திட்டினார். மெக்கானிக் வந்து பார்த்தபோது பிரேக் ஒழுங்காகத்தான் இருந்தது.

இதைப் புத்தியால் மாற்ற முடியாது, கைகால்தான் மறந்து பழக வேண்டும். மைதானத்தில் 20 கிலோமீட்டர் வேகத்தில் வந்து நிறுத்துவதை மட்டும் தனியாகப் பயிற்சி செய்யுங்கள். வலது கை முன் பிரேக், வலது கால் பின் பிரேக், நிற்கப் போகும்போது கிளட்ச். அந்த வாரம் முழுக்க ஸ்கூட்டரைத் தொடாமல் இருந்தால் இன்னும் நல்லது.

முன் பிரேக்கைக் கண்டு பயப்படுவது

‘முன் பிரேக்கைப் பிடிக்காதே, தூக்கி அடிக்கும்’ என்பதுதான் வீட்டுப் பெரியவர்கள் தரும் முதல் அறிவுரை. அதில் பாதிதான் சரி. பிரேக் பிடிக்கும்போது வண்டியின் எடை முன்னால் சாய்கிறது. முன் டயர் தரையை அழுத்திப் பிடிக்கும், பின் டயர் லேசாகும். அதனால் நிறுத்தும் பலத்தில் பெரும்பகுதி முன் சக்கரத்தில்தான் கிடைக்கும். பின் பிரேக்கை மட்டும் மிதித்தால் அந்த லேசான சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கும்.

தென் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஹாரி ஹர்ட் குழுவினர் லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் 900 பைக் விபத்துகளை நடந்த இடத்துக்கே போய் ஆராய்ந்து, 1981-இல் அறிக்கை வெளியிட்டார்கள். விபத்தில் சிக்கியவர்களில் பெரும்பாலோர் பின் பிரேக்கை அதிகமாக மிதித்துச் சறுக்கியிருக்கிறார்கள், முன் பிரேக்கைப் போதுமான அளவு பிடிக்கவில்லை என்பது அதில் ஒரு முடிவு.

கீழே தள்ளுவது முன் பிரேக் அல்ல, அதைப் பிடிக்கிற விதம். வெடுக்கென்று பிடிக்காமல், எலுமிச்சம்பழத்தைப் பிழிவது போல முதலில் மெல்ல, பிறகு அழுத்தமாகப் பிடிக்க வேண்டும். ஏபிஎஸ் இருந்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் அது பார்த்துக்கொள்ளும். ஆனால் எல்லா இடத்திலும் நிற்கும் தொலைவைக் குறைத்துத் தராது. 30 கிலோமீட்டர் வேகத்தில் நீங்கள் சுதாரிக்கிற ஒரு நொடிக்குள் வண்டி 8 மீட்டர் போய்விடும். வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் பிடித்து நிற்கும் தூரம் ஏறக்குறைய நான்கு மடங்காகும்.

முன் பிரேக் உண்மையிலேயே கவிழ்க்கிற இடம் ஒன்று இருக்கிறது. நடை வேகத்தில், ஹேண்டில்பார் திரும்பியிருக்கும்போது அதைப் பிடித்தால் வண்டி அப்படியே அந்தப் பக்கம் சாய்ந்துவிடும். யூ டர்ன் போடும்போதும், வண்டியை நிறுத்துமிடத்தில் நுழைக்கும்போதும் பின் பிரேக்கும் ஹாஃப் கிளட்சும் போதும்.

பள்ளத்தையே முறைத்துப் பார்ப்பது

கண் எங்கே போகிறதோ வண்டியும் அங்கே போகும். பள்ளத்தில் விழக் கூடாது என்று பள்ளத்தையே பார்த்தால் அதற்குள்தான் இறங்குவீர்கள். தாண்டிப் போக வேண்டிய இடத்தைப் பாருங்கள். திருப்பத்தில் முகத்தையும் முன்கூட்டியே திருப்புங்கள். கியர் மாற்றும்போது காலைக் குனிந்து பார்ப்பதும் இதே வகைதான். எந்த கியரும் விழாத நியூட்ரல், முதல் கியருக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் இருக்கிறதா, எல்லா கியரும் ஒரே பக்கமாக விழுகிறதா என்பது வண்டிக்கு வண்டி மாறும். எஞ்சினை அணைத்துவிட்டு அதைத் தெரிந்துகொண்டு கிளம்புங்கள்.

வேறு சில

தன் உயரத்துக்கும் பலத்துக்கும் பொருந்தாத கனமான வண்டியில் பழகுவது வேண்டாத வீம்பு. இரண்டு பாதமும் ஊன்றுகிற, 100 முதல் 150 சிசிக்குள் உள்ள வண்டி போதும். வீட்டிலிருப்பவரிடம் கற்பதும் எனக்கு உவப்பில்லை. மேலே சொன்ன அறிக்கையில், விபத்துக்குள்ளானவர்களில் 92 சதவீதம் பேர் தாங்களாகவோ குடும்பத்தாரிடமோ நண்பர்களிடமோ கற்றவர்கள். ஓட்டத் தெரிந்தவருக்குத் தன் கை என்ன செய்கிறது என்றே நினைவிருக்காது, அப்புறம் எப்படிச் சொல்லித் தருவார்? பயிற்சியாளர் கிடைத்தால் அவரிடம் போங்கள்.

ஹெல்மெட்டின் வாரைப் பூட்டாமல் போட்டால் விழும்போது தலை தரையில் படுவதற்கு முன்பே அது கழன்று பறந்துவிடும். பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் ஆய்வுப்படி ஹெல்மெட் தலைக்காயத்தின் அபாயத்தைச் சுமார் 69 சதவீதமும் மரண அபாயத்தைச் சுமார் 42 சதவீதமும் குறைக்கிறது. மைதானத்துக்கும் கையுறை போட்டுக்கொண்டு போங்கள். விழும்போது தரையில் முதலில் ஊன்றுவது உள்ளங்கைதான். பின்னால் ஆளை ஏற்றுவது தனியாக ஓட்டுவது சலித்துப்போன பிறகு. பின்னால் ஒருவர் உட்கார்ந்தால் பிரேக், திருப்பம் எல்லாமே வேறு வண்டி மாதிரி ஆகிவிடும்.

கடைசியாக, விழுந்த வண்டியை முன்பக்கமிருந்து குனிந்து தூக்குவது. என் இடுப்பு இரண்டு வாரம் படுத்திய பாடு எனக்குத்தான் தெரியும். சாவியை அணைத்துவிட்டு, வண்டி உருளாதபடி கியரில் விடுங்கள். ஹேண்டில்பாரைத் தரைப்பக்கமாக முழுக்கத் திருப்பி, சீட்டுக்கு முதுகைக் காட்டி உட்காருவது போல இறங்குங்கள். ஒரு கை ஹேண்டில் பிடியில், இன்னொரு கை பின்பக்கக் கம்பியில். முதுகை நிமிர்த்தி, கால்பலத்தால் சின்னச் சின்ன அடியாகப் பின்னால் நகர்ந்தால் வண்டி எழுந்துவிடும். வலப்பக்கம் விழுந்திருந்தால் தூக்குவதற்கு முன்பே சைடு ஸ்டாண்டை விரித்துவிடலாம். இடப்பக்கம் விழுந்திருந்தால் அது முடியாது, தூக்கிய பிறகு காலால் துழாவித்தான் விரிக்க வேண்டும். அந்த நேரத்தில் பக்கத்தில் யாராவது எண்ணிக்கொண்டு நின்றால், ஸ்டாண்டைத் தள்ளிவிடச் சொல்லிக் கூப்பிடுங்கள்.