மனையை ஐப்பசியில் போய்ப் பாருங்கள்

காவிரி டெல்டாவில் எல்லோரும் வீடு கட்ட மனை பார்ப்பது பங்குனி, சித்திரையில்தான். சம்பா அறுத்துக் கையில் கொஞ்சம் காசு புரளும், நிலமும் காய்ந்து கிடக்கும், நாலு பக்கமும் நடந்து பார்க்க வசதி. அந்த மனை கார்த்திகையில் எப்படி இருக்கும் என்று அப்போது யாருக்கும் தெரியாது. அதனால் முன்பணம் கொடுப்பதற்கு முன் ஐப்பசியில், இரண்டு நாள் அடைமழைக்குப் பிறகு, ஒரு தடவை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போய் நில்லுங்கள்: தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, எங்கே தேங்குகிறது, வடிய எத்தனை நாள் ஆகிறது. பக்கத்திலேயே வாய்க்கால் இருக்கு சார் என்று தரகர் பெருமையாகச் சொல்வார். பாசன வாய்க்காலா, வடிகாலா என்று கேளுங்கள். முன்னது தண்ணீரைக் கொண்டு வருவது, நமக்கு வேண்டியது கொண்டு போவது.

அதுவரை காத்திருக்க முடியாதா? சரி, சித்திரையிலேயே தரையிலுள்ள வெடிப்பில் கையை விட்டுப் பாருங்கள். மன்னார்குடிக்குக் கிழக்கே எங்கள் மனையில் மணிக்கட்டு வரை உள்ளே போனது. இந்தக் களிமண் வெயிலில் சுருங்கும், மழையில் உப்பும், வருஷா வருஷம் வீட்டைப் பிடித்து ஆட்டிப் பார்க்கும். ஜன்னல் மூலையிலிருந்து குறுக்காக ஓடும் விரிசல் பெரும்பாலும் இதன் கைவரிசைதான். மண் பரிசோதனைக்கு ஆகும் செலவைப் பார்க்காதீர்கள். கடைக்கால் (அஸ்திவாரம்) எவ்வளவு ஆழம், களியை எடுத்துவிட்டு எவ்வளவு மணல் நிரப்புவது என்பதைப் பொறியாளர் அதை வைத்துத்தான் சொல்ல வேண்டும். சுவர்களுக்கு அடியில் சுற்றிலும் பிளிந்த் பீம், அதாவது கான்கிரீட் உத்திரம், ஓடட்டும். ‘நம்ம ஊர்ல எல்லாரும் இப்படித்தான் போடுறாங்க’ என்று மேஸ்திரி சொன்னால், அந்த எல்லாருடைய சுவரையும் ஒரு நடை பார்த்துவிட்டு வாருங்கள்.

தரைமட்டம் தெருவைவிட 3 அடியாவது உயரம் இருக்கட்டும். தெரு ஒவ்வொரு தடவை போடும்போதும் உயருகிறது, வீடு உயருவதில்லை.

வெயில் விஷயத்தில் ஆளுக்கு ஆள் தெற்குச் சுவர், மேற்குச் சுவர் என்பார்கள். நம் ஊரில் சித்திரை முதல் வாரத்திலிருந்து ஆவணி முதல் வாரம் வரை நண்பகல் சூரியன் உச்சிக்குச் சற்று வடக்கேதான் நிற்கிறது. ஆக, கத்திரி வெயிலை முழுசாக வாங்குவது மொட்டைமாடி. பகலெல்லாம் குடித்த சூட்டைக் கான்கிரீட் தளம் ராத்திரி பத்து மணிக்கு மேல் நம் தலையில் இறக்கும், மின்விசிறி அந்தச் சூட்டையே சுற்றிச் சுற்றி அடிக்கும். தளத்தின் மேல் சுருக்கி (செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்தது) போட்டு, அதன்மேல் தட்டோடு, அதாவது தட்டையான மண் ஓடு, பதியுங்கள். முடியாவிட்டால் வருஷத்துக்கு ஒருமுறை வெள்ளைச் சுண்ணாம்பாவது அடியுங்கள். மேற்குச் சுவருக்குப் புங்கை போதும், சித்திரையில் தளிர்த்து அடர்ந்து நிற்கும். ஆனால் சுவரை ஒட்டி வைக்காதீர்கள், களிமண்ணில் வேர் ஈரத்தை உறிஞ்சினால் மண் இன்னும் சுருங்கும்.

காற்று ஆடியில் தென்மேற்கிலிருந்து வரும், ஐப்பசிக்கு மேல் வடகிழக்குக்குத் திரும்பும். எதிரெதிர் ஜன்னல் இருந்தால் இரண்டும் வீட்டுக்குள் புகுந்து போகும். மழைச்சாரலும் வடகிழக்கிலிருந்துதான், ஆகையால் வடக்கு, கிழக்குப் பக்கம் சன்ஷேடை இரண்டரை அடிக்குக் குறைக்காதீர்கள். பழைய வீட்டு முற்றத்தின் வேலையே சூட்டை மேலே அனுப்புவதுதான். இப்போது முற்றம் வைத்து அதை ஷீட்டால் இறுக மூடிவிடுகிறார்கள், அப்புறம் அது அடுப்பு மாதிரிதான். மூடியே ஆகவேண்டும் என்றால் ஒன்றரை அடி தூக்கிப் போட்டுப் பக்கவாட்டில் காற்றுப் போக வழி விடுங்கள்.

2018 நவம்பர் 16-ல் கஜா புயல் வந்த ராத்திரி எங்கள் மாட்டுக்கொட்டகை ஷீட் பறந்து பக்கத்து வயலில் விழுந்தது. ஆணி அடித்திருந்தோம், ஹூக் போல்ட் போடவில்லை. ஊர் ஊராகத் தென்னை சாய்ந்தது, பல கிராமங்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. அப்போது கொல்லையில் இருந்த அடிபம்புதான் தெருவுக்கே தண்ணீர் கொடுத்தது. போர் போடும்போது கூடவே ஓர் அடிபம்புக்கும் இடம் விடுங்கள், இன்வெர்ட்டரைத் தரையில் வைக்காதீர்கள், வீட்டின் மேல் விழும் தூரத்தில் தென்னை நடாதீர்கள்.

மழைநீர் சேகரிப்பு 2003-லிருந்து நம் மாநிலத்தில் கட்டாயம். நிறைய வீடுகளில் ஒரு குழாய் மட்டும் பெயருக்கு நிற்கும். வேதாரண்யம் பக்கம் மாதிரி நிலத்தடி நீர் உப்பாக இருந்தால் மாடித் தண்ணீரைச் சம்பில், அதாவது தரைக்கடியில் கட்டும் தொட்டியில், பிடிப்பது பெரிய வரம். சம்பு மூடி தரையைவிட ஓர் அடி உயரம் இருக்கவேண்டும். எங்கள் வீட்டில் தரையோடு தரையாக வைத்தோம், முதல் கார்த்திகையிலேயே தெருத் தண்ணீர் உள்ளே போய்விட்டது.

கடைசியாக, யாரும் முன்கூட்டிச் சொல்லாத ஒன்று. கார்த்திகையில் நிலத்தடி நீர் மேலே ஏறி வந்துவிடும். செப்டிக் டேங்கிலிருந்து வரும் தண்ணீரை உறைக்கிணறு உறிஞ்சாது, கழிவறையில் ஊற்றிய தண்ணீர் இறங்காமல் குளுகுளுவென்று சத்தம் போடும், அதுவும் வீட்டில் விருந்தாளி இருக்கும் நாளாகப் பார்த்து. டேங்கை ஆழத்தில் புதைக்காமல் கொஞ்சம் உயர்த்திக் கட்டுங்கள், கழிவறைத் தரையையும் அதற்கேற்ப உயர்த்துங்கள். நாங்கள் இரண்டு படி ஏறித்தான் போகிறோம். அம்மாவுக்கு மூட்டுவலி, அதனால் பக்கத்தில் ஒரு கைப்பிடி.