எழுத்தறிவுச் சோதனையும் வாக்குரிமையும்: கட்டுரை எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் வாக்களிக்க எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்றிருந்த காலத்தைப் பற்றி மாணவர்கள் எழுதும் கட்டுரைகளைத் திருத்துவது என் வேலை. வருடா வருடம் அதே தவறுகள்தான். எழுத்துப்பிழை, ஆண்டுக் குழப்பம் எல்லாம் போகட்டும், அவற்றை நானே திருத்திவிடுவேன். கீழே இருப்பவை எழுதுபவர்களே தவிர்க்க வேண்டியவை.

தெற்கில் தொடங்கியது என்பது

இல்லை. கனெக்டிகட் 1855, மாசசூசெட்ஸ் 1857. இரண்டும் வடக்கு. குறி வைக்கப்பட்டவர்கள் ஐரிஷ் குடியேறிகள்.

கேள்வித்தாளை நம்புவது

இதுதான் இன்னும் எரிச்சலூட்டுகிறது. தென் மாநிலமான லூசியானாவின் 1964 சோதனைத் தாள் கையில் கிடைத்தால் போதும்: 30 கேள்வி, 10 நிமிடம், ஒன்று தவறினாலும் தோல்வி. கேள்விகள் எவ்வளவு குதர்க்கமானவை என்றே பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். ஒரு மாணவர் ஆய்வேடு முழுவதையும் அப்படித்தான் கட்டியிருந்தார். "சரி, எழுதத் தெரியாத வெள்ளையர்கள் எப்படித் தேறினார்கள்?" என்று தேர்வாளர் கேட்டார். பதில் இல்லை. ஆய்வேட்டை முதலிலிருந்து எழுத வேண்டியதாயிற்று.

தேறுவதும் தோற்பதும் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கும் பதிவாளர் கையில் இருந்தது. கறுப்பினத்தவரைத் தோற்கடிக்கவும் வெள்ளையரைத் தேறவைக்கவும் அவரால் முடிந்தது. இனத்தைக் காரணம் காட்டி வாக்குரிமையை மறுக்கக் கூடாது என்று 1870லேயே அரசமைப்புத் திருத்தம் வந்துவிட்டது. அதனால் இன்னொரு தென் மாநிலமான மிசிசிப்பியின் 1890 அரசமைப்பு இனம் பற்றி வாய் திறக்கவில்லை. அந்த அரசமைப்பின் ஒரு பிரிவைப் படிக்க வேண்டும், அல்லது வாசிக்கக் கேட்டு விளக்க வேண்டும், அவ்வளவுதான். எந்தப் பிரிவு, விளக்கம் சரியா என்பதெல்லாம் பதிவாளர் விருப்பம். லூசியானாவில் ஒரு வெள்ளையர், பேச்சுச் சுதந்திரம் என்பதைக்கூடப் பிழையில்லாமல் எழுதத் தெரியாமல், அந்த இரண்டு சொல்லையே விளக்கமாக எழுதித் தேறிவிட்டார். அலபாமாவில் இன்னொருவருக்குப் பதிவாளரே படிவம் முழுவதையும் நிரப்பிக்கொடுத்தார். இரண்டும் 1966 உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலேயே இருக்கின்றன. அதற்கு முன் 1898லும் 1959லும் அதே நீதிமன்றம் சட்ட வாசகத்தை மட்டும் பார்த்துச் சோதனையை அனுமதித்தது என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

தாத்தா விதியை விடுவது

1867 ஜனவரி 1 அன்று தந்தையோ தாத்தாவோ வாக்குரிமை பெற்றிருந்தால் சோதனை வேண்டாம் என்றது லூசியானா, 1898இல். அந்த நாளில் அங்கே கறுப்பினத்தவருக்கு வாக்குரிமை இல்லை, அதனால் சலுகை வெள்ளையருக்கே. அங்கே 1896இல் சுமார் 1,30,000 ஆக இருந்த கறுப்பின வாக்காளர் எண்ணிக்கை 1900இல் 5,000 சொச்சமானது. இத்தகைய விதி செல்லாது என்ற தீர்ப்பு 1915இல் வந்தது.

1965இல் முடிந்தது என்பது

அந்த ஆண்டின் வாக்குரிமைச் சட்டம் சோதனையை நிறுத்தியது சில பகுதிகளில் மட்டும். நாடு முழுக்கத் தற்காலிகத் தடை 1970, நிரந்தரத் தடை 1975.

மொழியை மறப்பது

நியூயார்க் 1922 முதல் புதிய வாக்காளர்களிடம் ஆங்கில எழுத்தறிவு கேட்டது. ஸ்பானிய மொழியில் படித்த போர்ட்டோ ரிக்கோக்காரர்கள் அமெரிக்கக் குடிமக்களாக இருந்தும் தடுக்கப்பட்டார்கள். போர்ட்டோ ரிக்கோவில் ஆறாம் வகுப்பு முடித்திருந்தால் போதும் என்றது அதே 1965 சட்டம்.

அமெரிக்காவோடு நிறுத்துவது

பிரேசிலில் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் 1985 வரை காத்திருந்தார்கள்.