இம்பாலாவுக்கும் எருமைக்கும் ஒரே ரைபிள்

"அண்ணே, ஒரே ஒரு ரைபிள்தான் வாங்கப் போறேன். இம்பாலாவும் அடிக்கணும், என்னைக்காவது ஒரு எருமையும் அடிக்கணும். எதை வாங்க?" சுரங்கத்தில் என்னோடு வேலை பார்க்கும் தம்பி போன மாதம் கேட்டான். தென்னாப்பிரிக்காவின் லிம்போபோ மாகாணத்தில் எனக்கு இது பதினாறாவது வருடம். இம்பாலா இங்குள்ள ஒரு மான் வகை; எருமை என்று அவன் சொன்னது ஆப்பிரிக்கக் காட்டெருமையை. இங்கே வேட்டைக்குச் சட்டப்படி இடம் உண்டு. பண்ணைகளில் பருவம் பார்த்து, அனுமதி வாங்கிப் போகிறோம். இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டம் வேட்டையைத் தடுத்துவிட்டது. ஆகவே இதை ஆப்பிரிக்கப் புதர்க்காட்டில் வேட்டைக்குப் போகிறவர்களுக்காகவே எழுதுகிறேன்.

தம்பிக்கு நான் சொன்ன பதில் .375 எச் அண்ட் எச் மேக்னம் என்ற தோட்டாவுக்கான ரைபிள் (.375 என்பது அங்குலத்தில் குண்டின் விட்டம்). ஆனால் அந்தப் பதிலுக்கு வந்து சேர நான் கொடுத்த விலையை முதலில் சொல்லிவிட வேண்டும்.

நான் முதலில் வாங்கிய பெரிய துப்பாக்கி ஒரு பழைய .458 வின்செஸ்டர் மேக்னம். யானைக்கே போதும் என்றால் மற்ற எல்லாவற்றுக்கும் போதும்தானே என்று கணக்குப் போட்டேன். பயிற்சித் திடலில் பத்துத் தோட்டா சுட்டதும் தோள் கன்றிப்போனது. அதைவிட மோசம், சுடுவதற்கு விரலால் குதிரையை (டிரிகரை) இழுக்கும் கணத்தில் கண்ணை மூடிக்கொண்டு தோளை முன்னே தள்ளப் பழகிவிட்டேன். அது எனக்கே தெரியவில்லை. அந்தப் பருவத்தில் 80 மீட்டரில் நின்ற ஒரு நீல வைல்டபீஸ்ட் (மாடு போன்ற பெரிய மான் வகை) காளையைச் சுட்டேன். குண்டு தோளில் படாமல் வயிற்றில் பட்டது. தடம் பார்க்கும் பெரியவர் முன்னே போக, ஐந்து மணி நேரம் முள்ளுக்குள் அதன் பின்னால் நடந்தோம். ஒரு சொட்டு ரத்தம், அப்புறம் நூறு அடிக்கு ஒன்றுமில்லை, அப்புறம் இன்னொரு சொட்டு. கடைசியில் மர நிழலில் படுத்திருந்ததைக் கண்டு முடித்தோம். அந்த ஐந்து மணி நேரமும் அந்த மிருகம் பட்ட வேதனைக்கு நான்தான் காரணம். ஒரு மாதத்துக்குள் அந்தத் துப்பாக்கியை விற்றுவிட்டேன்.

அதனால் ரைபிள் வாங்க வருகிற யாரிடமும் நான் கேட்கும் முதல் கேள்வி, சுடும்போது துப்பாக்கி தோளில் கொடுக்கும் உதையில் எவ்வளவை உன்னால் கண் சிமிட்டாமல் தாங்க முடியும் என்பதுதான். மான் வேட்டைக்குப் பலரும் வைத்திருக்கும் .30-06 ரைபிளின் உதையைப் போல .375 ஏறக்குறைய இரண்டு மடங்கு உதைக்கும். .458 மூன்று மடங்கு. முதல் தாவலைப் பெரும்பாலானவர்கள் பழக்கத்தில் தாங்கிக்கொள்கிறார்கள். அடுத்த தாவலை வெகு சிலரே தாங்குகிறார்கள். வாங்கும் முன் நண்பரிடம் இரவல் கேட்டோ, வாடகைக்கு விடும் திடலுக்குப் போயோ, நின்றபடி ஐந்து தோட்டா சுட்டுப் பாருங்கள். உட்கார்ந்து மேஜைமேல் வைத்துச் சுட்டால் உதை முழுவதும் தோளிலேயே இறங்கும். காட்டில் யாரும் அப்படிச் சுடுவதில்லை.

இரண்டாவது கேள்வி, உண்மையிலேயே எருமை வேட்டைக்குப் போவாயா? மனத்தில் கை வைத்துச் சொல்ல வேண்டும். இங்கே பத்துப் பேரில் ஒன்பது பேர் வாழ்நாள் முழுக்க இம்பாலா, வார்த்தாக் பன்றி, குடூ மான், கெம்ஸ்பாக் மான் என்றே போவார்கள். எப்போதாவது ஒரு எலாண்ட் என்ற பெரிய மான். அவர்களுக்கு 9.3×62 என்ற தோட்டா போதும், போதும் என்பதைவிட நல்லது. 1905-இல் பெர்லினைச் சேர்ந்த ஓட்டோ பாக் என்ற துப்பாக்கி வினைஞர், ஆப்பிரிக்காவில் குடியேறிய ஜெர்மானியர்களுக்காக, சாதாரண மௌசர் ரைபிளில் அடங்கும்படி உருவாக்கிய தோட்டா அது. 286 கிரெயின் (சுமார் 18.5 கிராம்) எடையுள்ள குண்டை விநாடிக்குச் சுமார் 720 மீட்டர் வேகத்தில் தள்ளும். உதை குறைவு, துப்பாக்கியும் எடை குறைவு. 900 கிலோ வரை வளரும் எலாண்ட் காளையையும் சரியான இடத்தில் பட்டால் வீழ்த்தும்.

எருமை என்று வந்துவிட்டால் சட்டம் குறுக்கே நிற்கும். நமீபியாவில் ஸ்பிரிங்பாக் போன்ற சிறிய மான்களுக்குக் குழல்வாயில் 1350 ஜூல், குடூ, கெம்ஸ்பாக், எலாண்டுக்கு 2700 ஜூல், யானை, எருமை போன்ற ஆபத்தானவற்றுக்கு 5400 ஜூல் ஆற்றலாவது இருக்க வேண்டும். 9.3×62 ஏறக்குறைய 4800-இல் நின்றுவிடும். 300 கிரெயின் குண்டோடு .375 எச் அண்ட் எச் 5700 ஜூலைத் தாண்டும். ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றில் ஆபத்தான விலங்குக்கு .375-தான் கீழ் வரம்பு.

லண்டனின் ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் 1912-இல் வெளியிட்ட தோட்டா இது. நூறு வருடத்துக்கு மேலாகியும் இதன் இடத்தை யாரும் பிடிக்காததற்குக் காரணம், அது எதிலும் அளவு மீறாததுதான். 300 கிரெயின் குண்டு விநாடிக்கு 770 மீட்டர் வேகத்தில் கிளம்புகிறது. அது பறக்கும் பாதை 180 கிரெயின் .30-06-ஐ ஒட்டியே இருக்கும். 100 மீட்டரில் 5 சென்டிமீட்டர் மேலே படும்படி ஸ்கோப்பை (குறி பார்க்கும் தொலைநோக்கியை) சரிசெய்துவிட்டால், 200 மீட்டர் வரை கணக்கே போட வேண்டாம். தோளுக்குப் பின்னால் வைத்துச் சுட்டால் சரி. எங்கள் புதர்க்காட்டில் பெரும்பாலும் 60 முதல் 150 மீட்டருக்குள்தான் சுடுகிறோம். இம்பாலாவுக்கு இது பெரிதில்லையா என்று கேட்பார்கள். வேகம் மிதமானது என்பதால், வேகமான சிறிய குண்டு சிதைப்பதைவிட இது இறைச்சியைக் குறைவாகவே சிதைக்கும். என் வீட்டு பில்டாங் (உப்பிட்டு உலர்த்திய இறைச்சி) பெரும்பாலும் .375-ஆல் வந்ததுதான்.

இன்னொரு காரணம், எங்கே போனாலும் தோட்டா கிடைக்கும். ஒருமுறை நமீபியாவுக்குப் போனபோது ரைபிள் வந்து சேர்ந்தது, தோட்டாப் பெட்டி வரவில்லை. போகும் வழியில் இருந்த சிறிய ஊர்க் கடையில் இரண்டு பெட்டி .375 வாங்கிக்கொண்டு கிளம்பினேன். 2007-இல் வந்த .375 ரூகர் நல்ல தோட்டா. அதே வலிமை, நீளம் குறைவு என்பதால் சாதாரண நீள ரைபிளிலேயே அடங்கும். எச் அண்ட் எச் தோட்டாவுக்கு நீண்ட மேக்னம் அமைப்பு வேண்டும், அதனால் விலை கூடும். ஆனாலும் ஒதுக்குப்புறமான ஊர்க் கடையில் எது இருக்கும் என்பதற்காகவே நான் பழையதைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

சரி, காலிபர், அதாவது தோட்டாவின் அளவு, முடிவாகிவிட்டது. ரைபிளைக் கையில் எடுங்கள். கண்ணை மூடிக்கொண்டு தோளுக்கு ஏற்றுங்கள். கண்ணைத் திறந்ததும் குறி நேராகக் கண்ணுக்கு முன் இருக்க வேண்டும். தலையை நீட்டியோ கன்னத்தை அழுத்தியோ தேட வேண்டி வந்தால் தோளில் பதியும் அந்தக் கட்டை உங்கள் உடம்புக்கு ஆகாது. நம் ஆட்களில் பலருக்குக் கை நீளம் குறைவு. ஐரோப்பிய அளவில் செய்த கட்டை நீண்டு நிற்கும். எனக்கு இரண்டு சென்டிமீட்டர் அறுத்து, நல்ல ரப்பர் மெத்தை வைத்தோம். உதையே குறைந்ததுபோல் இருந்தது.

கையால் இழுத்துத் தள்ளித் தோட்டாவை ஏற்றும் போல்ட் அமைப்பில், மௌசர் 98 என்ற ஜெர்மன் ரைபிளின் வழி வந்ததையே வாங்குங்கள். தோட்டா மேகசினிலிருந்து (தோட்டா அடுக்கும் அறையிலிருந்து) மேலே வரும்போதே அகலமான ஒரு கொக்கி அதன் விளிம்பைப் பிடித்துக்கொள்ளும். வெளியே தள்ளும்வரை விடாது. பதற்றத்தில் போல்ட்டைப் பாதி இழுத்துத் திரும்பத் தள்ளினாலும் இரண்டு தோட்டா மோதிக்கொண்டு சிக்காது. பழைய வின்செஸ்டர் மாடல் 70, ரூகர் ஹாக்ஐ, செக் நாட்டின் சிஇசட் 550 மூன்றிலும் இந்தக் கொக்கி உண்டு. என்னுடையது பழைய சிஇசட் 550. இப்போது அதைத் தயாரிப்பதில்லை, ஆனால் பழையது நன்றாகக் கிடைக்கிறது. கடையிலேயே நான்கு வெற்றுத் தோட்டா (மருந்தே இல்லாத, வெடிக்காத போலித் தோட்டா) போட்டு, மெதுவாகவும் வேகமாகவும் இருபது முறை ஏற்றி இறக்கிப் பாருங்கள். ஒருமுறை தடுமாறினாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

எடை ஸ்கோப்போடு நாலரைக் கிலோவுக்குள் இருக்கட்டும். நாலுக்குக் கீழே போனால் தோள் வருந்தும். குழல் முனையில் போடும் பிரேக் உதையைக் குறைக்கும் என்பது உண்மை. ஆனால் பக்கத்தில் நிற்கும் தடம் பார்ப்பவரின் காது என்னாவது? அவர் நமக்காக முன்னே நடக்கிறவர். நான் போடுவதில்லை.

ஸ்கோப்பில் பெரிதாக்கும் ஆசை வேண்டாம். 1.5 முதல் 6 மடங்கு போதும். கண்ணுக்கும் கண்ணாடிக்கும் இடையே குறைந்தது 9 சென்டிமீட்டர் விட வேண்டும். குறைந்தால் புருவத்தில் அரைவட்டமாக வெட்டும்; இங்கே பலர் முகத்தில் அந்த வடு இருக்கிறது. கழற்றி மாட்டும் பிடிகளும், குழல்மேல் திறந்த இரும்புக் குறியும் அவசியம். அடிபட்ட எருமை அடர்ந்த புதருக்குள் போய்விட்டால், பத்து மீட்டரில் ஸ்கோப்புக்குள் வெறும் கறுப்பு மட்டுமே தெரியும்.

குண்டில் சிக்கனம் பிடிக்காதீர்கள். எலும்பில் பட்டாலும் உடையாமல் ஆழம் போகிற ஸ்விஃப்ட் ஏ-ஃப்ரேம், பார்ன்ஸ் டிஎஸ்எக்ஸ், நாஸ்லர் பார்ட்டிஷன் மாதிரியான 300 கிரெயின் குண்டுகளில் மூன்று வகை வாங்கி, உங்கள் ரைபிளுக்கு எது ஒரே இடத்தில் படுகிறது என்று பார்த்து, அப்புறம் அதையே எல்லாவற்றுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். எருமைக்கு மட்டும், முதல் தோட்டா பட்டதும் விரியும் குண்டு, அடியில் இருப்பவை விரியாத திடக் குண்டு.

உரிமத்துக்கு முன்பே பணம் கட்டிவிடாதீர்கள். தென்னாப்பிரிக்காவின் 2000-ஆம் ஆண்டுத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி குடியுரிமையோ நிரந்தர வதிவுரிமையோ வேண்டும். பயிற்சி முடித்துத் தகுதிச் சான்றிதழ், தரச்சான்று பெற்ற இரும்புப் பெட்டி, அப்புறம் ஒவ்வொரு துப்பாக்கிக்கும் தனி உரிமம். இந்தத் துப்பாக்கி ஏன் வேண்டும் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அந்தக் கடிதத்தில் எந்த விலங்கு, எந்த நாடு, என்ன வரம்பு என்று தெளிவாக எழுதுங்கள். எப்போதாவது வேட்டைக்குப் போகிறவருக்கு ஓர் உரிமத்துக்கு 200 தோட்டாதான் வைத்திருக்கலாம்.

அந்த 200-இல் எண்பதை முதல் மூன்று மாதத்தில் சுட்டுவிடுங்கள். ஒரு நாளைக்கு பத்துக்கு மேல் வேண்டாம். பத்தாவதில் கண் மூடத் தொடங்கும். முக்காலிக் கம்பில் வைத்து 100 மீட்டரில் பாதி, தாங்கல் இல்லாமல் நின்றபடி 40 மீட்டரில் பாதி. இடையிடையே உதையே இல்லாத சிறிய .22 ரைபிளை எடுத்து நூறு சுடுங்கள், வீட்டில் வெற்றுத் தோட்டா போட்டுக் குதிரை இழுத்துப் பழகுங்கள். நண்பரை விட்டு, உங்களுக்குத் தெரியாமல் இடையில் ஒரு வெற்றுத் தோட்டாவைச் செருகச் சொல்லுங்கள். வெடிக்காத அந்த ஒரு முறையில் குழல் ஆடினால் இன்னும் காட்டுக்குப் போகும் நேரம் வரவில்லை. தம்பியின் குழல் போன ஞாயிறு நான்கில் மூன்று முறை ஆடாமல் நின்றது. ஜூன் மாதம் அவனை முதலில் இம்பாலாவுக்குக் கூட்டிப்போகிறேன்.