வீட்டை விற்பதற்கு முன் பரணைப் பாருங்கள்: கீழக்கரைக்கு வருகிறவர்களுக்கு

வெளியூரிலும் வெளிநாட்டிலும் வாழ்கிற நாம் இராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில் இருக்கும் கீழக்கரைக்கு வருவது பெரும்பாலும் ஒரு கல்யாணத்துக்காக இருக்கும், இல்லையென்றால் ஒரு பத்திரப் பதிவுக்காக. நடுவில் ஒரு நாள் கிடைத்தால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பாம்பன் பாலம், தனுஷ்கோடி என்று போய்வருவோம். அதோடு விடுமுறை முடிந்துவிடும். கீழக்கரையை மட்டும் யாரும் பார்ப்பதில்லை. சொந்த ஊர்தானே, பார்க்க என்ன இருக்கிறது என்ற நினைப்பு.

ஆனால் ஒரு காலை நேரத்தில் நடந்தே முடித்துவிடக்கூடிய இந்த ஊரைத் தேடி கல்வெட்டு ஆய்வாளர்கள், கட்டடக்கலை ஆய்வாளர்கள், கடல் வணிக வரலாறு எழுதுகிறவர்கள், மொழியியலாளர்கள், கடல் உயிரியலாளர்கள் என்று பலரும் வந்திருக்கிறார்கள். அவர்கள் தேடி வந்த பொருள்களில் பாதி நம் வீட்டுப் பரணில் கிடக்கிறது. அதனால் இந்தமுறை பயணத்தில் இரண்டு நாள் கூட்டிக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

மதுரை விமான நிலையத்திலிருந்து காரில் வந்தால் ஏறத்தாழ இரண்டரை மணி நேரம். சென்னையிலிருந்து ரயில் என்றால் இராமநாதபுரத்தில் இறங்க வேண்டும். கீழக்கரைக்கு ரயில் கிடையாது. அங்கிருந்து 17 கிலோமீட்டர், பஸ் அடிக்கடி உண்டு. மே மாத வெயிலில் சின்னப் பிள்ளைகளோடு வராதீர்கள். ஜனவரி, பிப்ரவரி நல்ல மாதங்கள்.

முதலில் நடுத்தெரு ஜும்மா பள்ளிவாசலுக்குப் போங்கள். 17-ம் நூற்றாண்டில் வள்ளல் சீதக்காதி கட்டியதாகச் சொல்லப்படும் பள்ளி அது. அவருடைய அடக்கத்தலமும் அங்கேதான். உள்ளே போனதும் தூணுக்குப் பக்கத்தில் நின்று அண்ணாந்து பாருங்கள். தூணின் தலையில் விட்டத்தைத் தாங்குகிற போதிகையைக் கவனியுங்கள். பக்கத்தில் இருக்கும் திருப்புல்லாணிப் பெருமாள் கோயில் மண்டபத்துத் தூண்களுக்கும் இதற்கும் உள்ள உறவு கண்ணுக்கே தெரியும். உருவங்கள் இல்லை. அந்த இடத்தில் பூவும் கொடியும்தான். கல்தச்சர்கள் கோயிலுக்குச் செதுக்கிய அதே கையால் பள்ளிக்கும் செதுக்கியிருக்கிறார்கள். குவிமாடமும் வளைவும்தான் இஸ்லாமியக் கட்டடக்கலை என்று நினைத்தவர்களுக்குச் சோழமண்டலக் கடற்கரைப் பள்ளிகள் வேறொரு மரபைக் காட்டின. வெள்ளிக்கிழமை மதியம் போகாதீர்கள், கூட்டமாக இருக்கும். பெண்கள் உள்ளே போவது எல்லாப் பள்ளியிலும் வழக்கமில்லை. மற்ற மதத்தவரோடு வந்தாலும் சரி, முதலில் பள்ளியை நிர்வகிக்கும் ஜமாஅத்தாரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். படம் எடுப்பதற்கும் அப்படியே.

‘செத்தும் கொடுத்தான் சீதக்காதி’ என்பதைப் பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்திருப்போம். ஆராய்ச்சியாளர்களுக்கு அவர் வள்ளல் மட்டுமல்ல. இராமநாதபுரத்தை ஆண்ட கிழவன் சேதுபதியின் நண்பர், உமறுப்புலவரைச் சீறாப்புராணம் பாடத் தூண்டியவர், கப்பல் வணிகர். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆவணங்களில், சீதக்காதியோடு சேர்த்துப் பார்க்கப்படும் பெரியதம்பி மரைக்காயர் என்ற பெயர் திரும்பத் திரும்ப வருகிறது. முத்து, சங்கு, துணி, அரிசி வணிகத்தில் கம்பெனிக்குப் போட்டியாக நின்ற குடும்பம் அது. இந்த ஆவணங்கள் நெதர்லாந்தில் தி ஹேக் நகரத்து தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. ஐரோப்பாவில் வாழ்கிறவர்களுக்குக் கீழக்கரையைவிட அது பக்கம். டச்சு மொழி படித்து வளர்கிற நம் பிள்ளைகள் அங்கே உண்டு. அவர்களில் ஒருவராவது இதைக் கையில் எடுக்க வேண்டும் என்று எனக்குப் பெரிய ஆசை.

சேதுபதிகளைப் புரிந்துகொள்ள இராமநாதபுரம் அரண்மனையில் இராமலிங்க விலாசத்தைப் பாருங்கள். சேதுபதி ஐரோப்பியர்களைச் சந்திக்கும் காட்சியும் தஞ்சாவூர் மராத்தியரோடு நடந்த போரும் அந்தச் சுவர் ஓவியங்களில் உண்டு. தொல்லியல் துறை வசம் இருப்பதால் விடுமுறை நாளை விசாரித்துக்கொண்டு போங்கள். சேதுபதிகளின் செப்பேடுகளைத் தொகுத்துத் தந்தவர் இராமநாதபுரத்து வரலாற்று ஆய்வாளர் எஸ்.எம். கமால். அவருடைய புத்தகங்களைப் படித்துவிட்டு வந்தால் இந்த மாவட்டமே வேறு மாதிரித் தெரியும்.

அங்கிருந்து திருப்புல்லாணி வழியாகத் திரும்புங்கள். பெருமாள் கோயிலில் பாண்டியர் காலக் கல்வெட்டு ஒன்று, பவித்திரமாணிக்கப்பட்டினத்துப் பள்ளிவாசல் ஒன்றுக்கு நிலம் இறையிலியாக, அதாவது வரி இல்லாமல், கொடுத்ததைச் சொல்கிறது. கோயில் சுவரில் பள்ளிவாசலின் பத்திரம்! அந்தப் பட்டினத்தைப் பக்கத்து ஊரான பெரியபட்டினத்தோடு சேர்த்துப் பார்க்கிறார்கள். அங்கே 1980-களில் எ. சுப்பராயலு தலைமையில் தமிழ்ப் பல்கலைக்கழகம் அகழாய்வு செய்தது. 13, 14-ம் நூற்றாண்டுச் சீனப் பீங்கான் ஓடுகள் கிடைத்தன. ஜப்பானிய அறிஞர் நொபோரு கராஷிமா இந்த ஓடுகளைத் தேடித் தென்னிந்தியா, இலங்கைக் கரையெல்லாம் சுற்றியவர். இப்போது போனால் பார்ப்பதற்குக் குழி எதுவும் இருக்காது. தென்னந்தோப்பும் வீடுகளும்தான். மழைக்குப் பின் தரையில் பச்சை மெருகேறிய ஓட்டுத்துண்டு எதாவது கண்ணில் பட்டால் எடுத்துப் பையில் போடாதீர்கள். கிடந்த இடத்தைப் படம் எடுத்து, தொல்லியல் துறைக்குச் சொல்லுங்கள். இடத்தை விட்டு எடுத்துவிட்டால் அது வெறும் உடைந்த தட்டுதான்.

கடல் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா 1986-ல் அறிவிக்கப்பட்டது. அதன் 21 தீவுகளில் ஏழு கீழக்கரைத் தொகுதியைச் சேர்ந்தவை. அனுமதி இல்லாமல் அங்கே இறங்கக் கூடாது. தெரிந்த வள்ளக்காரரிடம் ‘சும்மா ஒரு சுற்று’ என்று கேட்டு அவரைச் சிக்கலில் மாட்டிவிடாதீர்கள். முத்தும் சங்கும் குளித்த பரம்பரை இங்கே உண்டு. இலங்கை முத்துக்குளிப்புக்கும் கீழக்கரைக் குளியாட்கள் போயிருக்கிறார்கள். மீன்வள ஆய்வாளர் ஜேம்ஸ் ஹார்னெல் 1914-ல் சங்கைப் பற்றியே ஒரு நூல் எழுதினார். மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையம் இருக்கிறது, பிள்ளைகளுக்கு மீன் காட்சியகம் பிடிக்கும். கடைகளில் பவளப்பாறைத் துண்டு விற்றால் வாங்காதீர்கள். வனவிலங்குச் சட்டப்படி குற்றம். விமான நிலையத்தில் பிடிபட்டால் பயணமே கெட்டுவிடும்.

அப்புறம் தொதல். ஊரை விட்டுப் போகும்போது இரண்டு கிலோ வாங்காதவர் யார்? அரிசி மாவு, தேங்காய்ப்பால், இனிப்பு சேர்த்து மணிக்கணக்கில் கிண்டி, எண்ணெய் பிரிந்து சட்டியில் ஒட்டாமல் உருண்டு வரும்போது இறக்குவார்கள். மலேசியாவில் இதே பண்டம் ‘டோடோல்’. இலங்கையிலும் அதே பெயர்தான். பொட்டலத்தைப் பிரிக்கும்போது பிள்ளைகளிடம் இதைச் சொல்லுங்கள். கப்பல் போன பாதை அந்த ஒரு சொல்லிலேயே இருக்கிறது.

இனி பரணுக்கு வருகிறேன்.

அரபுத்தமிழ் தெரியுமல்லவா? தமிழை அரபு எழுத்தில் எழுதும் முறை. அரபியில் இல்லாத ப, ட, ண, ள, ங போன்ற ஒலிகளுக்கு இருக்கிற எழுத்துகளிலேயே கூடுதல் புள்ளியும் குறியும் சேர்த்துப் புது எழுத்து உண்டாக்கினார்கள். நம் உம்மம்மாமார் (அம்மாவைப் பெற்ற பாட்டிமார்) பலர் பள்ளிக்கூடம் போனதில்லை, ஆனால் இதைச் சரளமாக எழுதினார்கள். கொழும்பில் கடை வைத்திருந்த கணவருக்குக் கடிதம் போட்டார்கள். மார்க்கக் கிதாபுகளும் (சமய நூல்களும்) இந்த எழுத்தில்தான். இன்று ஜெர்மனியிலிருந்தும் வேறு நாடுகளிலிருந்தும் அறிஞர்கள் இதைப் படிக்க வருகிறார்கள்.

எங்கள் உம்மம்மா வீட்டைப் பாகம் பிரித்தபோது நான் வெளிநாட்டில் இருந்தேன். பரணில் ஒரு தகரப் பெட்டி நிறைய கிதாபுகளும் கடிதங்களும் இருந்தன. வீட்டைக் காலி செய்த அவசரத்தில் அது பழைய பேப்பர் கடைக்குப் போய்விட்டது. இரண்டு வருடம் கழித்து ஆராய்ச்சி மாணவி ஒருவர் என்னிடம், “பெண்கள் எழுதிய அரபுத்தமிழ்க் கடிதம் உங்கள் வீட்டில் உண்டா காக்கா?” என்று கேட்டார் (அண்ணனை நாங்கள் காக்கா என்போம்). என்னால் பதில் சொல்ல முடியவில்லை. இன்னும் அந்தக் கேள்வி மனதில் கிடக்கிறது.

நம் ஊரில் வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். கிழக்கிலங்கை முஸ்லிம்களிடமும் இந்த வழக்கம் உண்டு. மானிடவியலாளர்கள் இரண்டையும் ஒப்பிட்டு எழுதியிருக்கிறார்கள். அதனால் உங்கள் வீட்டுப் பழைய பத்திரங்களில் பெண்களின் பெயர்கள் தலைமுறை தலைமுறையாக இருக்கும். தமிழ்நாட்டில் எல்லா ஊரிலும் இப்படிக் கிடைக்காது. புதுப் பத்திரம் வந்ததும் பழையதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

பெட்டி கிடைத்தால் முதலில் தூசியை மென்மையான துணியால் தட்டுங்கள். டேப் ஒட்டாதீர்கள், லேமினேஷன் செய்யாதீர்கள். ஓலைச்சுவடி இருந்தால் நீங்களாக எண்ணெய் தடவ வேண்டாம். ஜன்னல் வெளிச்சத்தில் போனிலேயே படம் எடுங்கள், ஃபிளாஷ் வேண்டாம். கடிதத்தின் பின்பக்கம், உறை, தபால் முத்திரை எதையும் விடாதீர்கள். தேதி பெரும்பாலும் முத்திரையில்தான் இருக்கும். பிறகு தஞ்சாவூர் தமிழ்ப் பல்கலைக்கழகச் சுவடித்துறையையோ சென்னை தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தையோ கேட்டுப் பாருங்கள். இலங்கை சம்பந்தப்பட்டவை என்றால் இணையத்தில் இயங்கும் ‘நூலகம்’ என்ற நிறுவனம் இருக்கிறது.

முக்கியமாக, அசலை வெளிநாட்டுக்குக் கொண்டுபோகலாம் என்று நினைக்காதீர்கள். 1972-ம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி, வரலாற்று மதிப்புள்ள கையெழுத்துப் பிரதியும் ஆவணமும் 75 வருடம் கடந்துவிட்டால் தொல்பொருள். அனுமதி இல்லாமல் நாட்டை விட்டு எடுத்துப்போக முடியாது. படங்களைக் கொண்டுபோங்கள், அசலை இங்கே பொறுப்பான கையில் வைத்துவிட்டுப் போங்கள்.

ஒரு மாலையை வீட்டில் மூத்த மாமியோடு உட்காருவதற்கு ஒதுக்குங்கள். அரபுத்தமிழ் வாசிக்கத் தெரிந்தவர்கள் இப்போது ஊரில் வயதானவர்கள்தான். கடிதத்தை அவர் கையில் கொடுத்து வாசிக்கச் சொல்லி, போனில் குரலைப் பதிவு செய்யுங்கள். யார் யாருக்கு எழுதியது, எந்தத் தெரு, எந்தக் கப்பல் என்று கேட்டுத் தனித்தாளில் பென்சிலால் குறித்து, அந்தத் தாளை உறையோடு சேர்த்து வையுங்கள். மாமிக்கு அஸர் (பிற்பகல்) தொழுகைக்குப் பிறகுதான் ஓய்வு, அந்த நேரம் பார்த்துப் போங்கள்.