எரிந்து முடிந்த மெழுகுவர்த்தி ஜாடியைச் சுத்தம் செய்வது எப்படி?

வாசனை மெழுகுவர்த்தி எரிந்து தீர்ந்ததும் கையில் மிஞ்சுவது நல்ல கனமான கண்ணாடி ஜாடி. அடியில் ஒட்டிய மெழுகைப் பார்த்து அலுத்துப்போய்த்தான் பலர் அதைக் குப்பையில் போடுகிறார்கள். அரை மணி நேர வேலைதான், ஆனால் அவசரப்படக் கூடாது.

முதலில், ஒரு சென்டிமீட்டர் மெழுகு மிஞ்சும்போதே எரிப்பதை நிறுத்திவிடுங்கள். அதற்குக் கீழே போனால் சுடரின் சூடு நேரே அடிக்கண்ணாடியில் இறங்கி விரிசல் விடும். ஏற்கெனவே கீறலோ விரிசலோ இருந்தால் அந்த ஜாடி வேண்டாம்.

1. ஃப்ரீசரில் வைத்துப் பாருங்கள்

ஜாடி முழுக்க ஆறிய பிறகு மூன்று, நான்கு மணி நேரம் ஃப்ரீசரில் வையுங்கள். குளிரில் மெழுகு சுருங்கிக் கண்ணாடியை விட்டு விலகும். வெளியே எடுத்துக் கவிழ்த்து, உள்ளங்கையால் அடியில் தட்டினால் பெரும்பாலும் வில்லையாக விழுந்துவிடும். விழாவிட்டால் முனை மழுங்கிய கத்தியால் ஓரத்தில் லேசாக நெம்புங்கள். வாய் குறுகிய ஜாடிக்கு இது சரிப்படாது, அடுத்த வழிதான்.

2. வெந்நீர்

இங்கேதான் ஜாடிகள் உடைகின்றன. ஃப்ரீசரிலிருந்து எடுத்த ஜாடியில் கொதிநீரை ஊற்றி, அடிப்பாகம் கழன்று, மேடையெல்லாம் வெந்நீர் ஓடியதை என் சமையலறையிலேயே பார்த்துவிட்டேன். கண்ணாடியின் உட்பக்கம் சூட்டில் விரிகிறது, வெளிப்பக்கம் குளிர்ந்தே இருக்கிறது. அந்த இழுபறியில்தான் உடைகிறது. கண்ணாடி தடிமனாக இருந்தால் ஆபத்தும் கூடுதல்.

அதனால் ஜாடி அறைச் சூட்டுக்கு வரும்வரை காத்திருங்கள். பாத்திரத்தில் பழைய துணியை மடித்துப் போட்டு, அதன்மேல் ஜாடியை நிறுத்துங்கள். முதலில் வெதுவெதுப்பான நீரை உள்ளேயும் வெளியேயும் ஊற்றி ஐந்து நிமிடம் விடுங்கள். பிறகு இன்னும் சூடான நீர். நீர் கொதிக்கவே வேண்டியதில்லை: பாரஃபின் மெழுகு 46 முதல் 68 டிகிரி செல்சியஸுக்குள் உருகிவிடும், ஜாடிகளில் வரும் சோயா மெழுகும் பெரும்பாலும் இந்தச் சூட்டிலேயே இளகும். மெழுகு நீரைவிட லேசானது. உருகி மேலே மிதக்கும். அப்படியே ஆறவிட்டால் நீரின்மேல் ஆடைபோல உறையும், கையால் எடுத்துவிடலாம்.

ஜாடியை நேரடியாக அடுப்புத் தீயில் வைக்காதீர்கள். அடியில் திரியைப் பிடித்திருக்கும் உலோக வில்லை இருப்பதால் மைக்ரோவேவும் கூடாது.

மிச்ச நீரைப் பழைய துணியில் வடிகட்டாமல் சிங்க்கில் கொட்டவே கொட்டாதீர்கள். குழாய்க்குள் மெழுகு உறைந்தால் அடைப்பு எடுக்க ஆள் தேட வேண்டிவரும்.

3. திரி வில்லை

சூட்டில் பசை இளகியிருக்கும். ஸ்பூன் காம்பால் நெம்பினால் வந்துவிடும்.

4. எண்ணெய்ப் படலமும் கரியும்

சோப்பு போடுவதற்கு முன்பே, சூடு முழுக்க ஆறுவதற்குள் செய்தித்தாளால் உள்ளே துடைத்துவிடுங்கள். மெழுகுப் படலம் தாளோடு போய்விடும். அதன்பின் வெதுவெதுப்பான நீரும் பாத்திரம் கழுவும் திரவமும் போதும். வாசனை போக மூடியைத் திறந்து இரண்டு நாள் வெயிலில் வையுங்கள்.

5. ஸ்டிக்கர் பசை

தேங்காய் எண்ணெயும் சமையல் சோடாவும் சம அளவு குழைத்துப் பூசி, அரை மணி நேரம் கழித்துத் தேய்த்தால் பசை உருண்டு வரும்.

இனி பொத்தான், ஊக்கு, பூஜைக்கான பஞ்சுத்திரி என்று எதையும் போட்டு வைக்கலாம்; நீர் ஊற்றி மணி பிளான்ட் வளர்க்கலாம். ஊறுகாய், பொடி மட்டும் வேண்டாம். இந்த ஜாடிகள் உணவுக்கென்று செய்யப்பட்டவை அல்ல. மூடியிலுள்ள வளையத்தில் வாசனைத் திரவியம் ஊறிப்போயிருக்கும்.

எடுத்த மெழுகைப் பழைய டப்பாவில் சேர்த்து வையுங்கள். பையின் ஜிப் சிக்கினால் அதன் பல்லில் ஒரு துண்டைத் தேயுங்கள், வழுக்கிக்கொண்டு ஓடும். இழுக்க வராத மர டிராயரின் ஓரத்துக்கும் இதே வைத்தியம்தான்.