ட்றில் போடாமலும் பிள்ளையின் சூத்தைப் பல்லை அடைக்கலாம்

கொரோனா போன்ற தொற்றுக் காலத்தில் பிள்ளையின் பாற்பல்லில் சூத்தை கண்டால், "கையால் சுரண்டி கிளாஸ் அயனமர் என்ற பல் சீமெந்தை வைத்து அடைக்கலாமா?" என்று பாடசாலைப் பற்சிகிச்சை நிலையத்திலோ பல் டொக்டரிடமோ கேளுங்கள்.

ட்றில் தண்ணீரைப் பீச்சிக்கொண்டு சுழல்வதால் எச்சில் கலந்த நுண்துளி அறையெங்கும் பறக்கும். தொற்றுக்குப் பயந்து அந்த வேலையைத் தள்ளிப்போடுவதும் அதனால்தான். கைக்கருவியால் மெத்தென்ற சூத்தையை மட்டும் சுரண்டினால் அந்தத் துளி மிகக் குறைவு, பெரும்பாலும் ஊசியும் தேவைப்படாது. பிறகு சீமெந்தைக் குழைத்து வைத்து, பெற்றோலியம் ஜெலி தடவிய கையுறை விரலால் சில விநாடி அழுத்திப் பிடிப்பார்கள். அது பல்லோடு தானே ஒட்டி, புளோரைட்டையும் கசியவிடும். எச்சில் பட்டால் சரியாக ஒட்டாது. பஞ்சு வைத்திருக்கும்போது பிள்ளை நாக்கால் தள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு மணித்தியாலம் சாப்பிடக் கொடுக்கவேண்டாம். அன்றைக்குப் பருத்தித்துறை வடை மாதிரிக் கடினமானதும் வேண்டாம்.

இரவில் பிள்ளையை எழுப்பும் வலி, முரசில் வீக்கம், சீழ்க்கொப்புளம் இருந்தால் இது சரிவராது. கிருமி நரம்புவரை போயிருக்கும், உடனே காட்டுங்கள். இரண்டு பல்லுக்கு இடையிலுள்ள சூத்தையில் இந்த அடைப்பு கழன்றுவிழும் வாய்ப்பும் கூட.

"விழப்போற பல்லுத்தானே" என்று விட்டுவிடாதீர்கள். பின் கடைவாய்ப் பாற்பல் 10 முதல் 12 வயதுவரை இருக்கவேண்டியது.