திரைக்குப் பின்னாடி நிக்கிறவன்: சைடு ஹீரோவுக்கு தனி காமிக்ஸ் எழுதுறது எப்படி

வேலூர் சத்துவாச்சாரியில எங்க தெருவுல ஒம்பதாவது படிக்கிற தம்பி ஒருத்தன் ரெண்டு வருஷமா நோட்டுல காமிக்ஸ் வரைஞ்சிக்கினு இருக்கான், அவனோட மெயின் ஹீரோ பேரு மின்னல் வீரா, கூட வர்ற சைடு ஹீரோ பேரு ஊத்து. கோடை காலத்துல பாலாத்து மணல்ல தோண்டுனா தண்ணி வரும்ல, அந்த ஊத்துதான். மணல்ல கை வச்சா தண்ணி வரும், அதான் அவன் சக்தி. ஆனா கதையில அவனுக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணு, வீரா சண்டை போட்டு எங்கயாவது தீ பிடிச்சா அதை அணைக்கிறது. போன லீவுல நோட்டை தூக்கிக்கினு வந்து, "ணா, ஊத்துக்கு தனியா ஒரு புக்கு போட்டா நல்லா இருக்குமா, இல்ல யாரும் படிக்க மாட்டாங்களா"ன்னு கேட்டான். அவனுக்கு உக்காந்து சொன்னதை அப்படியே இங்க எழுதுறேன், இதே கேள்வியோட இன்னும் நெறைய பேர் இருப்பீங்கன்னு தெரியும்.

மொதல்ல, முடியுமான்னு கேட்டா கண்டிப்பா முடியும். நம்ம வடாற்காடு பக்கம் கூத்து பார்த்து வளந்தவங்களுக்கு இதுல சந்தேகமே வரக்கூடாது. பாரதக் கதைக்கு மெயின் ஹீரோன்னா அர்ச்சுனன், பீமன், தர்மர்னு சொல்லுவோம், ஆனா திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவுல அரவான் களபலி அன்னிக்கு ராத்திரி முழுக்க அரவான்தான். அர்ச்சுனனுக்கு நாககன்னி வயித்துல பொறந்த புள்ளை, போருக்கு முன்னாடி பலியாகப் போறவன், பெரிய கதையில பார்த்தா கொஞ்ச இடம்தான் வருவான். அவனுக்காக ஊரே விடிய விடிய பாய் போட்டு உக்காந்திருக்கு. கர்ண மோட்சமும் அப்படித்தான், கர்ணன் போருக்குக் கிளம்பும்போது பொன்னுருவி வழியை மறிச்சு அழுவா பாருங்க, அந்த இடத்துல அர்ச்சுனன் ஞாபகமே யாருக்கும் வராது.

அதனால நான் சொல்ற மொத வேலை கூத்துல இருந்தே எடுத்தது. புதுசா ஒரு வேஷம் வரும்போது ரெண்டு பேர் திரை பிடிப்பாங்க, முகவீணையும் மிருதங்கமும் ஏறும், திரைக்கு மேல கிரீடத்துல ஒட்டுன கண்ணாடித் துண்டு மட்டும் லைட்டுல பளிச்சு பளிச்சுன்னு தெரியும், கட்டியங்காரன் முன்னாடி நின்னு நீங்க யாரு, எந்த ஊரு, இன்னா வேலையா வந்தீங்கன்னு கேப்பான். வேஷக்காரர் பாட்டுல பதில் சொல்லுவார். நீங்களும் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து உங்க சைடு ஹீரோவை திரைக்குப் பின்னாடி நிக்க வச்சு இதே மூணு கேள்வியைக் கேளுங்க, ஒரே கண்டிஷன், பதில்ல மெயின் ஹீரோ பேரு வரக்கூடாது. "நான் வீராவோட ஃப்ரெண்டு, வீரா ஊரு, வீராவுக்கு உதவி பண்ண வந்தேன்"னு மட்டும்தான் வருதுன்னா அவன் இன்னும் ரெடி ஆகல. அதுக்காக அவனை தூக்கிப் போட வேணாம், பதில் வர்ற வரைக்கும் அவனைப் பத்தி யோசிங்க. தம்பிக்கு மூணு நாள் ஆச்சு. கடைசியா எழுதிக்கினு வந்தது: "நான் ஊத்து, விரிஞ்சிபுரம், எங்க ஆத்துல தண்ணி எங்க போச்சுன்னு கேக்க வந்தேன்." எனக்கு சிலிர்த்துப் போச்சு, அதுக்கப்புறம் கதை தானா வந்துச்சு.

ரெண்டாவது, இடத்தை மாத்துங்க. பேட்மேன் கூட 1940-ல வந்த ராபின், அந்த டிக் கிரேசன், 1984-ல நைட்விங்னு பேரை மாத்துனான், ஆனா அவனுக்குன்னு மாசா மாசம் வர்ற சீரிஸ் 1996-லதான் ஆரம்பிச்சது, அதுலயும் அவனை பேட்மேன் இருக்கற காத்தம் நகரத்துல விடாம பக்கத்துல ப்ளட்ஹேவன்னு இன்னொரு நகரத்துக்கு அனுப்பினாங்க. அங்க அவனுக்கு வேற வில்லன், வேற பிரச்சனை, கொஞ்ச நாள் போலீஸ் வேலை கூட பார்த்தான். 2009 வரைக்கும் 153 இஷ்யூ வந்துச்சு. காத்தம்லயே இருந்திருந்தா ஒவ்வொரு பக்கத்துலயும் படிக்கிறவன் மனசுல பேட்மேன் எங்கன்னு ஒரு கேள்வி ஓடிக்கினே இருக்கும்ல. வுல்வரினும் 1974-ல ஹல்க் கூட மோதுறதுக்காக வந்த ஆளு, அப்புறம் எக்ஸ்-மென் கூட்டத்துல ஒருத்தன். 1982-ல தனியா நாலு இஷ்யூ போட்டப்போ ஜப்பானுக்குக் கூட்டிக்கினு போனாங்க, அங்க காதலியோட அப்பா ஷின்கென் மரக்கத்தியை வச்சே அவனை அந்தப் பொண்ணு கண்ணு முன்னாடி அடிச்சுப் போட்டுடுவார். எலும்பெல்லாம் உடையாத உலோகம், நகம் வேற இருக்கு, ஆனா அவமானத்துக்கு மருந்து இல்ல. கூட்டமா பத்து பேரோட இருக்கும்போது இப்படி ஒரு சீன் எழுத இடமே கிடைக்காது.

சக்தியை ஏத்துறது பத்தி ஒரு வார்த்தை. தனி சீரிஸ்னு சொன்ன உடனே எல்லாரும் பண்ற தப்பு இது, சைடு ஹீரோவுக்கு புதுசா நாலு சக்தி குடுத்து மெயின் ஹீரோ அளவுக்கு கொண்டு வந்துடுறாங்க, அப்போ ரெண்டு மெயின் ஹீரோ ஆயிடுது, எதுக்கு தனி புக்கு? சக்தி கம்மியா இருக்கறதுதான் இவங்களோட சொத்து. ஹாக்ஐயை பாருங்க, 1964-ல அயர்ன்மேனுக்கு எதிரியா அறிமுகம் ஆகி அப்புறம் அவெஞ்சர்ஸ்ல சேர்ந்த ஆளு, கையில வில்லும் அம்பும்தான். 2012-ல மேட் ஃப்ராக்‌ஷன் எழுதி டேவிட் ஆஜா வரைஞ்ச சீரிஸ்ல அவன் அவெஞ்சர்ஸ் வேலை இல்லாதப்போ இன்னா பண்றான்னுதான் கதையே. புரூக்ளின்ல ஒரு பழைய அபார்ட்மெண்ட், வாடகையை ஏத்தி ஜனங்களை வெளிய தள்ளுற ட்ராக்சூட் போட்ட ரவுடிங்க, மொட்டை மாடியில அக்கம்பக்கத்துக்காரங்க, அடிபட்ட ஒரு நாய். அதுல 11-வது இஷ்யூ முழுக்க அந்த நாய் பார்வையிலதான் போகும், மனுஷங்க பேசுறது நாய்க்குப் புரியுற ஒண்ணு ரெண்டு வார்த்தை மட்டும்தான் பலூன்ல தெரியும், மீதி கிறுக்கல், யார் மேல இன்னா வாசனைன்னு சின்னச் சின்ன படம் போட்டு கோடு இழுத்து காட்டியிருப்பாங்க. அதுக்கு காமிக்ஸுக்குன்னே குடுக்குற ஐஸ்னர் விருது கிடைச்சது. சைடு ஹீரோவோட நாய்க்கு ஒரு முழு இஷ்யூ, அதையும் ஜனங்க கொண்டாடுனாங்கன்னா நம்ம ஊத்துக்கு இன்னா குறைச்சல் சொல்லுங்க.

சக்தியே இல்லாதவனுக்கும் நடந்திருக்கு. சூப்பர்மேன் கதையில வர்ற போட்டோகிராபர் பையன் ஜிம்மி ஓல்சன், 1954-ல இருந்து 1974 வரைக்கும் அவன் பேருல 163 இஷ்யூ. தலைப்புல சூப்பர்மேன் பேரும் இருந்துச்சு, அது உண்மை, அந்தப் பேருக்காக வாங்குனவங்க இருப்பாங்க. ஆனா 20 வருஷம் வெறும் பேரை வச்சு மட்டும் ஓட்ட முடியாது, ஜிம்மி ஒரு இஷ்யூல ரப்பர் மாதிரி நீளுவான், இன்னொண்ணுல ராட்சச ஆமை மனுஷன் ஆவான், சூப்பர்மேனை வச்சு பண்ண முடியாத கூத்தெல்லாம் இங்க பண்ணாங்க. 1970-ல ஓவியர் ஜாக் கிர்பி அந்த புக்கை கையில எடுத்தாரு, டார்க்சைடுன்ற அவ்ளோ பெரிய வில்லன் மொத மொதல்ல தலை காட்டுனது இந்த ஜிம்மி ஓல்சன் புக்குலதான்.

எனக்கு மனசு ஆறாத ஒண்ணும் இருக்கு. ஃபால்கன், 1969-ல கேப்டன் அமெரிக்கா புக்குல வந்தவன், 1971-ல இருந்து 1978 வரைக்கும் அட்டையிலயே ரெண்டு பேரு பேரும் சேர்ந்து இருந்துச்சு. ஹார்லெம்னு சொந்த ஏரியா, ஜனங்களுக்கு நடுவுல சமூக சேவை வேலை, கட்டியங்காரன் கேட்டா பதில் சொல்ல எல்லாமே கையில வச்சிருந்தான். அந்தக் காலத்துல அவனுக்குன்னு தனியா கிடைச்சது 1983-ல நாலே நாலு இஷ்யூ. அதனால ஓடலைன்னா உடனே கேரக்டர் மேல பழி போடாதீங்க, அந்த ஆளுக்கு எவ்ளோ பக்கம் குடுத்தாங்கன்னும் பாருங்க.

அளவு விஷயத்துல சின்னதா ஆரம்பிக்கிறதுதான் நல்லது. வுல்வரின் நாலு, நைட்விங்குக்கும் 1995-ல மொதல்ல நாலு, மூணாவது ராபினா வந்த டிம் டிரேக்குக்கு 1991-ல அஞ்சு, அது நல்லா போனதும் 1993-ல தொடர் ஆச்சு. விஷனுக்கு டாம் கிங் எழுதுனது மொத்தமே 12 இஷ்யூ, பொண்டாட்டி புள்ளைங்களோட ஒரு வீட்டுல சாதாரணமா வாழ ஆசைப்படுற இயந்திர மனுஷன் கதை, அதோட நிறுத்திட்டாங்க, நிறுத்துனதாலதான் அது இன்னும் மனசுல நிக்குது. தனியா நிக்க முடியலைன்னு தோணுச்சுன்னா ஜோடி சேருங்க, லூக் கேஜ் புக்கும் அயர்ன் ஃபிஸ்ட் புக்கும் விற்பனை மந்தமா இருந்தப்போ 1978-ல ரெண்டையும் ஒண்ணாக்கி 1986 வரைக்கும் ஓட்டினாங்க.

நம்ம தமிழ்லயும் இதுக்கு ருசி இருக்கு. சிவகாசியில இருந்து வர்ற லயன் காமிக்ஸ் படிக்கிறவங்களுக்கு கௌபாய் ஹீரோ டெக்ஸ் வில்லர் எவ்ளோ உசுரோ அவ்ளோ உசுரு அவன் கூட வர்ற அந்த வெள்ளித்தலை கிட் கார்சனும், கார்சனின் கடந்த காலம்னு வந்த கதையை இன்னிக்கும் எடுத்து வச்சு பேசுவாங்க. அதனால தமிழ் வாசகன் மெயின் ஹீரோவை மட்டும்தான் கேப்பான்னு நினைச்சு பயப்பட வேணாம்.

அச்சு வேலைக்கு ரொம்ப யோசிக்காதீங்க, நாலு ஏ4 தாளை ரெண்டு பக்கமும் ஜெராக்ஸ் எடுத்து நடுவுல மடிச்சு பின் அடிச்சா 16 பக்க புக்கு. பக்கத்தோட வரிசை மாறிடாம மொதல்ல வெறும் தாளை மடிச்சு நம்பர் போட்டுப் பாத்துக்கோங்க. 16 பக்கத்துல ஒரு நாள் கதையை மட்டும் சொல்லுங்க, பொறந்த கதை, சக்தி வந்த கதையெல்லாம் அரை பக்கம் போதும்.

கடைசியா மெயின் ஹீரோவை எப்போ உள்ள விடுறதுன்னு ஒரு கேள்வி வரும். மொத இஷ்யூல விடாதீங்க, சண்டையை ஜெயிச்சு குடுக்கறதுக்கு எப்பவுமே விடாதீங்க, விட்டா சைடு ஹீரோ மறுபடியும் சைடுக்கே போயிடுவான். தம்பியும் இதைத்தான் கேட்டான், "வீரா எப்போணா வருவான், வராம இருந்தா பசங்க கேப்பாங்களே"ன்னு. நீயே யோசின்னு சொல்லிட்டேன். நாலாவது இஷ்யூ வரைஞ்சு கொண்டாந்தான். விரிஞ்சிபுரத்துகிட்ட ஆத்துல வெயில்ல வீரா நடந்து வர்றான், சண்டை எதுவும் இல்ல, ஊத்து மணல்ல கை வைக்கிறான், ரெண்டு பக்கத்துக்கு வசனமே கிடையாது, வீரா குனிஞ்சு ரெண்டு கையாலயும் அள்ளி தண்ணி குடிச்சிட்டு வந்த வழியே போறான்.